கல்யாணசுந்தரத்தின் இடுப்பு

கல்யாணசுந்தரம் சாருக்கு உட்காரவும் தெரியாது, படுக்கவும் தெரியாது. என் கிளினிக்குக்கு வந்த முதல் நாளே பார்த்துவிட்டேன். நாற்காலியைக் காட்டினேன், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிலைக் காட்டினேன், விளிம்பில் ஒரு தொடையை மட்டும் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கையில் மொபைல். அது அடிக்காவிட்டாலும் அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். இடுப்பு வலிக்காரர்கள் உட்காரத் தயங்குவது வழக்கம்தான். ஆனால் இவர் வலி இல்லாத காலத்திலும் இப்படித்தான் என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

புனேக்கு வெளியே சாகணில் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு அவர் தலைமை. கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வாரம் முழுக்கக் கல்யாணி நகர் வீட்டிலிருந்து சாகணுக்குக் காரில் குலுங்கிக் குலுங்கிப் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரவாடா கோல்ஃப் மைதானத்தில் இறங்கி, கார்க் கதவைச் சாத்திய கையோடு மட்டையை ஓங்குவார். ஒரு குனிந்து நிமிர்தல் கிடையாது, ஒரு கைகால் உதறல் கிடையாது. இஞ்சின் சூடாகும் முன் டாப் கியர் போடுகிற டிரைவரை நீங்கள் வேலையில் வைத்துக்கொள்வீர்களா என்று அவரிடமே கேட்டேன். சிரித்தார். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு முகம் கோணிப் போயிற்று.

"ஒண்ணும் பெருசா இல்லீங் டாக்டரம்மா. குழியிலிருந்து பந்தை எடுக்கக் குனிஞ்சேன், சுரீர்னுது. ஒரு மாத்திரை குடுத்தீங்கன்னா ஓடிருவேன்."

"நான் மாத்திரை குடுக்கற டாக்டர் இல்ல சார். பிசியோதெரபிஸ்ட். என் பேரு ஹுதா. நீங்க முதல்ல ஓடாம நில்லுங்க."

இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்தில். நான் கிளினிக் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வாப்பா முகம்மது மீரான் மேலப்பாளையத்திலிருந்து வந்து ஏரவாடாவில் ஹார்டுவேர் கடை போட்டவர். நான் பிறந்ததும் படித்ததும் புனேயில். வீட்டில் மட்டும் தமிழ். அதனால்தான் கல்யாணசுந்தரம் சார் என்னிடம் வந்தார். சுரீர் என்பதற்கு ஆங்கிலத்தில் அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லையாம். எனக்குப் பொறுமை குறைச்சல் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அப்படிப்பட்டவள் போய், மெதுவாகச் செய்யுங்கள் மெதுவாகச் செய்யுங்கள் என்று நாள் முழுக்கக் கத்துகிற தொழிலுக்கு வந்து சேர்ந்தேன்.

அவரை நிற்க வைத்து இடமும் வலமும் திரும்பச் சொன்னேன். தொடை எலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டு இரண்டும் துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி இருந்தன. கோல்ஃபில் பந்தைக் கைதான் அடிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் உடம்பு முழுக்க முறுக்கி அவிழ்கிறது. அந்த முறுக்கு அந்த மூட்டுகளிலும் மேல்முதுகிலும் நடக்க வேண்டும். அங்கே நடக்காவிட்டால் கீழ்முதுகு தன் தலையில் போட்டுக்கொள்ளும். அதன் வேலை தாங்குவது. தாங்குவதற்குக்கூட அதைச் சுற்றித் தசைகள் கெட்டியாக இருக்க வேண்டும். வயிற்றில், பிட்டத்தில், முதுகுத்தண்டை ஒட்டி இரண்டு பக்கமும். கல்யாணசுந்தரம் சாரிடம் வயிறு இருந்தது. வயிற்றுத் தசைதான் இல்லை.

"ரெண்டு மாசம் கோல்ஃப் கிடையாது. நான் சொல்லித்தர்றதை தினம் செய்யணும். அப்புறம் நானே உங்களை அனுப்பி வைக்கிறேன்."

"டிசம்பர்ல கோப்பை இருக்குதுங்களே!"

அந்தக் கோப்பையைப் பற்றி அன்றைக்கே முழுக்கக் கேட்டேன். தொழிலதிபர்களும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுமாகச் சேர்ந்து வருஷா வருஷம் ஆடுவது. போன வருஷம் ஒரு பிரிகேடியரிடம் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றிருந்தார். அந்த ஒரு அடியைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தபோதுகூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்தி, மெதுவாக இறக்குவது. கையையும் முட்டியையும் ஊன்றி, ஒரு கையை முன்னாலும் எதிர்க்காலைப் பின்னாலும் நீட்டி, ஆடாமல் நிற்பது. முன்கையை ஊன்றிப் பலகை மாதிரி உடம்பைப் பிடிப்பது. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், செய்தால் நெற்றியில் வியர்க்கும். கல்யாணசுந்தரம் சார் இடுப்பைத் தூக்கினார், போட்டார், தூக்கினார், போட்டார். மாவு மில் பெல்ட் தோற்றது.

"மெதுவா சார்! தூக்கி நிறுத்துங்க!"

"இந்த ஸ்பீடுல போனா எங்க ஃபேக்டரியை இழுத்து மூட வேண்டியதுதானுங்க."

மொபைல் அடித்தது. எழுந்து போனவர் போனவர்தான்.

அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் வரவில்லை. நவம்பர் தொடக்கத்தில், காய்கறி வாங்கப் போன இடத்தில் எதிரே வந்தார். நிமிர்ந்து, கையை வீசிக்கொண்டு, ஜம்மென்று.

"வலி போயே போச்சுங்! போன ஞாயித்துக்கிழமை முழு ஆட்டம் ஆடினேன்."

"எக்ஸர்சைஸ் செஞ்சீங்களா?"

"அதெல்லாம் எதுக்குங்க? ஒரே மிதி. எங்க வீட்டுல கிரிஜா காலால பொறந்தவ."

தலை வெளிவருவதற்குப் பதில் கால் முதலில் வெளிவந்து பிறந்தவர்கள், சுளுக்கிலும் இடுப்புப் பிடிப்பிலும் காலால் நீவினால் சரியாகிவிடும் என்று நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கும் தெரியும். இடுப்பு பிடித்தவரைக் குப்புறப் படுக்க வைத்து, அந்த இடத்தில் பாதத்தை வைத்து மூன்று தடவை நீவுவார்கள். முடிந்ததும் போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போக வேண்டும். சொன்னால் வலி திரும்பி வந்துவிடுமாம். இறுகிய தசையை யார் அழுத்தினாலும் கொஞ்ச நேரத்துக்கு இளகும். எருமை மிதித்தாலும் இளகும். இதைத்தான் அவரிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது.

"எங்க வீட்டுக்காரியை எருமைங்கறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே காலிஃப்ளவரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வலி என்பது வாசலில் குரைக்கிற நாய். இந்த மனுஷர் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கிறார். வலி இல்லாத தைரியத்தில் இன்னும் ஓங்கி அடிப்பார், முதுகில் ஜவ்வு பிதுங்கும், நரம்பை நசுக்கும். நசுங்கிய நரம்பு நீவிவிட்டால் திரும்பாது. ஸ்கூட்டியில் வீடு வரும்வரை ஹெல்மெட்டுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மைதானத்திலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்த சர்தார்ஜி வரவில்லை. வாரம் தவறாமல் வருகிற மராத்தி பில்டர் வரவில்லை. போன் போட்டால், அடடே மகளே, இப்போது தேவையே இல்லை என்றார்கள். விஷயம் புரிந்துவிட்டது. ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, அந்தம்மாவிடம் நேரிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. வாசலில் குவியலாக ஷூக்கள். ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி ஒரு பாய் விரித்து, அதில் சர்தார்ஜி குப்புறக் கிடந்தார். கிரிஜா அம்மாளை அன்றுதான் பார்த்தேன். நாற்பத்தைந்து இருக்கும். சின்ன உருவம், ஒல்லிக் கால், இரண்டு விரலில் மெட்டி. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு இடது காலால் அவர் இடுப்பை நீவினார்.

"பஸ். ஹோ கயா. உட்டோ. போல்னா நஹி."

முடிந்தது, எழுந்திரு, பேசாதே என்று அர்த்தம். சர்தார்ஜி எழுந்து, வாய் திறக்காமல், கையை மட்டும் கூப்பிவிட்டுப் போனார். அடுத்தவர் பில்டர். அதற்கடுத்து, சோபாவில் காபி டம்ளரோடு, கறுப்புப் புர்காவில், எங்கள் உம்மா!

"உம்மா!"

எங்கள் உம்மா குல்சும் அசரவில்லை. "சத்தம் போடாத புள்ள. ஒன் எக்ஸர்சைஸை ஒரு மாசம் செஞ்சேன். முட்டிதான் தேஞ்சுது. இவுங்க காலு ஒரே நாளு!"

மானமே போய்விட்டது. கிரிஜா அம்மாளை அடுக்களைக்குள் கூட்டிப்போய், எனக்குத் தெரிந்த தமிழில் எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவும் கத்தினேன். ஜவ்வு, நரம்பு, தசை, கோல்ஃப் எல்லாம் சொன்னேன். அவர் அடுப்பில் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டே கேட்டார். கத்தி முடித்ததும் எனக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க கண்ணு. நான் யாரையும் கூப்பிடறதில்லீங். அவங்களா வர்றாங்க."

"வந்தா மாட்டேன்னு சொல்லக்கூடாதா ஆன்ட்டி?"

அவர் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

"இந்த ஊருக்கு வந்து பல வருசம் ஆச்சுங்க. லிஃப்ட்ல ஒருத்தரும் என் மொகத்தைப் பாத்ததில்ல. எனக்கு இந்தியும் வராது. இப்பப் பாருங்க, கிரிஜாஜீங்கறாங்க. அது கெடக்கட்டும். எங்கம்மா என்னைப் பெத்த அன்னிக்கே போயிட்டாங்க, தெரியுங்களா? காலு வந்துருச்சு, தலை மாட்டிக்கிச்சு. நான் பொழச்சேன், அவங்க போயிட்டாங்க. தாயை முழுங்கினவன்னு என்னை யாரும் தூக்கினதில்லீங். கல்யாணம் காட்சின்னா உள்ளாற போய் உக்காருன்னுருவாங்க. ஆனா இடுப்புப் புடிச்சா மட்டும் தேடிட்டு வருவாங்க. கொஞ்சம் மிதி சாமின்னு குப்புறப் படுத்துக்குவாங்க. எங்கப்பாவும் அப்படித்தான். அவரு எங்கிட்டப் பேசறது அந்த நாளுலதான்."

முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மாவை எடுத்துக்கிட்ட காலு நாலு பேருக்கு நல்லது பண்ணுதேன்னு நெனச்சுட்டுத்தான் நான் இருக்கறதே. விட்டுருன்னு சொல்றீங்க. விட்டா எங்கிட்ட என்ன மிச்சம் இருக்குதுங்க?"

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் காபியைக் குடித்தேன். சூடாக இருந்தது, நாக்கு வெந்தது.

"அவரு உங்க எக்ஸர்சைஸும் செய்யறதில்லீங்க," என்று அவராகவே பேச்சை மாற்றினார். "நிக்க நேரமில்லாத மனுசன். இப்பப் புதுசா ஒண்ணு. வலது கால்ல செருப்பு நிக்க மாட்டேங்குது. நடந்துட்டே இருக்கறப்பக் கழண்டு விழுந்துருது. அது விழுந்ததே அவருக்குத் தெரியறதில்ல. நான் பின்னாடியே எடுத்துட்டுப் போறேன்."

டம்ளரை வைத்துவிட்டேன். "எப்போலருந்து?"

"ஒரு வாரமா இருக்குமுங்க. ஏனுங்க?"

பால்கனியில் மொபைலோடு நடந்துகொண்டிருந்தவரை உள்ளே இழுத்து வந்து, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி நடக்கச் சொன்னேன். இடது பாதம் எழுந்தது. வலது பாதம் தரையை விட்டு எழவில்லை. கட்டைவிரலை மட்டும் மேலே தூக்குங்கள் என்றேன். அவர் தூக்கிவிட்டதாகத்தான் நினைத்தார். குனிந்து பார்த்தபிறகுதான் அது தூங்கிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது.

"நரம்பு நசுங்குது சார். இன்னிக்கே ஸ்கேன் எடுக்கணும். நாள் போச்சுன்னா இந்தப் பாதம் திரும்பி வராது. கோல்ஃப் இல்ல, நடக்கறதே இழுத்து இழுத்துத்தான் நடக்கணும்."

ஒரு கணம் பயந்தார். அதைக் கண்ணால் பார்த்தேன். உடனே மொபைலைத் திறந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கோப்பைங்க. அது முடியட்டும். திங்கக்கிழமை எத்தனை ஸ்கேன் வேணும்னாலும் எடுங்க, நான் படுத்துக்கறேன். இப்ப வலியே இல்லையே!"

"வலி இல்லாததுதான் சார் பயமா இருக்கு!"

"ஹலோ," என்றார் போனில்.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் அவருக்குப் போன் போட்டால் மீட்டிங். மாலையில் போட்டால் டிரைவர் எடுப்பார். எனக்குத் தெரிந்த சர்ஜனிடம் பேசி நேரம் வாங்கி வைத்தேன், வரவில்லை. வேறு யாருடைய இடுப்பைப் பிடித்துவிட்டாலும் மனசில் அந்த வலது கட்டைவிரல்தான். கிரிஜா அம்மாள் ஒருநாள் கூப்பிட்டார். சாருக்கு மறுபடி வலி வந்துவிட்டது, மிதிக்கச் சொல்கிறார், மிதிக்காவிட்டால் ஹாலில் நடந்துகொண்டே இருக்கிறார், என்ன செய்வது என்று கேட்டார். மிதிக்காதீர்கள் என்றேன். சரி என்றார். அந்தச் சரியில் உறுதி இல்லை.

கோப்பை நாளன்று மைதானத்தில் முதலுதவிப் பந்தலில் இருக்கும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். பனி விலகாத காலை. சுவெட்டர் போட்டவர்களும் தொப்பி போட்டவர்களுமாகக் கூட்டம். பந்தலில் என்னால் உட்கார முடியவில்லை. கயிற்றோரமாக அவர் பின்னாலேயே நடந்தேன். வலது பாதம் புல்லில் பட் பட் என்று அறைந்து விழுந்தது. மேட்டில் ஏறும்போது பை தூக்கி வந்த பையன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் ஆட்டம்? அல்லாஹ்வே, அப்படி ஒரு ஆட்டம்! அடித்ததெல்லாம் நேர்கோடு. பாதி ஆட்டம் முடிந்தபோது பிரிகேடியரை விட இரண்டு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தார்.

இடைவேளையில் டீ கொடுத்தார்கள். கல்யாணசுந்தரம் சார் டீ பக்கம் போகவில்லை. நேராக என் பந்தலுக்கு வந்தார். முகம் சாம்பல் நிறம். உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டிலைப் பிடித்தார், குப்புறச் சரிந்தார்.

"கிரிஜா எங்க? கிரிஜாவைக் கூப்பிடுங்க."

"சார், போதும். வெளிய கார் நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நீங்க சும்மா இருங்க! கிரிஜா!"

கிரிஜா அம்மாள் மற்ற மனைவிகளோடு பெரிய குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அவரைச் சுற்றி நாலு பெண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தார். கூட்டமும் வந்தது. சர்தார்ஜி வந்தார், பில்டர் வந்தார், போட்டிக்காரரான பிரிகேடியரே வந்தார். வெள்ளை மீசையைத் தடவிக்கொண்டு, "கிரிஜாஜீ, ஒரு தடவை காலை வைத்துவிடுங்கள். இவர் இல்லாமல் ஜெயித்தால் அது ஜெயிப்பா?" என்றார். எல்லோரும் வழிவிட்டார்கள்.

கிரிஜா அம்மாள் செருப்பைக் கழற்றினார். கழற்றிக்கொண்டே என் பக்கத்தில் வந்து, கூட்டத்துக்குக் கேட்காமல் கேட்டார்.

"இப்ப மிதிச்சா என்னாகும் கண்ணு?"

"வலி கொஞ்சம் குறையலாம். எழுந்து மீதி ஆட்டத்தையும் ஆடுவார். ஆடினா அந்தக் கால் போயிரும் ஆன்ட்டி. ஒண்ணுக்குப் போறதுகூடப் பிறகு அவர் கையில இருக்காது."

"மிதிக்க மாட்டேன்னு சொன்னா?"

"சண்டை போடுவார். வலியோடவே ஆடப் போயிருவார்."

அவர் தலையை ஆட்டினார். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், சாருடைய வலது ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார். "ஏனுங்க, வெரலைத் தூக்குங்க," என்றார். ஒன்றும் அசையவில்லை. அந்தப் பாதத்தை ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நான் காலால பொறக்கலீங்க."

"என்ன?"

"தலையாலதான் பொறந்தேன். அம்மா ஜன்னி வந்து போனாங்க. தாயில்லாப் புள்ளைய நாலு பேரு தேடி வரட்டும்னு எங்கத்தை கட்டிவிட்ட கதைங்க அது. எனக்கு வெவரம் தெரிஞ்சப்பவே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அடுக்களையில் பால் பாத்திரத்தோடு நின்று, கால் முதலில் வந்து பிறந்ததைச் சொன்ன கிரிஜா அம்மாள்தானா இவர்? கல்யாணசுந்தரம் சார் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"வெளையாடறியா? எத்தனை பேரு... நான் எத்தனை பேருகிட்டச் சொல்லி... ஏ புள்ள, உண்மையைச் சொல்லு!"

"உண்மைதானுங்க. வெறுங்காலு."

"க்யா போலா?" என்றார் பிரிகேடியர். யாரும் மொழிபெயர்க்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் கிரிஜா அம்மாளே அவர் பக்கம் திரும்பினார். தனக்குத் தெரிந்த இந்தியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஜூட். மைனே ஜூட் போலா. மேரா பைர்... குச் நஹி."

பொய், நான் சொன்னது பொய், என் காலில் ஒன்றுமில்லை என்றார். பில்டர் செருமினார். சர்தார்ஜி புல்லைப் பார்த்தார். குடைக்கடியிலிருந்து எழுந்து வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இன்னொருத்தி அவளை இடித்தாள். கிரிஜா அம்மாள் அத்தனை பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே பார்க்கவே இல்லை.

கல்யாணசுந்தரம் சார் கையை ஊன்றி எழப் பார்த்தார். இதுவரை எங்கேயோ கட்டி வைத்திருந்த வலி முழுக்க அப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்தது போலிருக்கிறது. "அம்மா!" என்று ஒரு கத்தல். வலது கால் அவரைத் தாங்கவில்லை. பிரிகேடியரும் நானும் சேர்ந்து பிடித்தோம். கட்டிலோடு தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினோம். வண்டியில் அவர் கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பொய்க்காரி, பொய்க்காரி" என்றுதான் சொல்லிக்கொண்டே வந்தார். கிரிஜா அம்மாள் அவருடைய ஒற்றை ஷூவை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தார்.

ஸ்கேன் எடுத்து அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் தன்னிடம் அழைத்து வந்திருக்கவே வேண்டாம் என்று சர்ஜன் சொன்னார். பாதம் உடனே திரும்பவில்லை. பொங்கல் கழிந்து கட்டைவிரல் அசைந்தது. சிவராத்திரி சமயத்தில் முன்பாதம் கொஞ்சம் எழுந்தது. தையல் ஆறி, சர்ஜன் சரி என்றதும் கல்யாணசுந்தரம் சார் என் கிளினிக்குக்கு மறுபடி வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

இந்தத் தடவை செய்தார். வேறு வழியில்லை அவருக்கு, மிதிக்க ஆளில்லை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி, நான் சொல்லும்வரை தூக்கியபடியே கிடந்தார், உதடு நடுங்க நடுங்க. ஓரமாகக் கிடந்த மொபைல் அடித்தால் அடித்துக்கொண்டே கிடந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக என்னிடம் திரும்பினார்கள். சர்தார்ஜி, பில்டர், எங்கள் உம்மாகூட. கிளினிக் நிறைந்தது. நியாயமாக எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் கல்யாணி நகரில் அந்த மூன்றாவது மாடிக் கதவை இப்போது யாரும் தட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். லிஃப்ட்டில் ஒரு பெண் கிரிஜா அம்மாளைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததை நானே பார்த்தேன். அவளை அறைந்திருப்பேன்.

மே மாதம் ஒரு நாள். கல்யாணசுந்தரம் சார் பாயில் கையையும் முட்டியையும் ஊன்றி, வலது காலைப் பின்னால் நீட்டியிருந்தார். கால் ஆடாமல் நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்துப் பாயில் புதிதாக வந்த கராடியில் வேலை பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர்க்காரர், நாமக்கல் பக்கம். அவரிடம் சார் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதோ உக்காந்திருக்கா பாருங்க, எங்க வீட்டுக்காரி. காலால பொறந்தவன்னு சொல்லி ஊரையே ஏமாத்திப் போட்டா. இவளை நம்பி என் காலே போயிருக்கும். கடைசியிலதான் ஒத்துக்கிட்டா. பொய்க்காரி!"

இப்போது அதைக் கோபத்தில் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். சாஃப்ட்வேர்க்காரர் சிரித்தார். கிரிஜா அம்மாளும் கூடவே சிரித்தார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

"சார், நீங்க ஒரு விஷயம்..."

"டாக்டரம்மா," என்று கிரிஜா அம்மாள் எழுந்துவிட்டார். "கொஞ்சம் வெளிய வாங்களே. தண்ணி எங்க இருக்குதுன்னு காட்டுங்க."

தண்ணீர் அவருக்குப் பின்னாலேயே இருந்தது. வராந்தாவுக்குப் போனோம். வெயில் தகித்தது.

"என்னால கேக்க முடியல ஆன்ட்டி. அவர் காலைக் காப்பாத்துனதே நீங்கதான். பொய்க்காரிங்கறார்! இப்பத்தான் அவருக்கு உடம்பு நல்லா வந்துருச்சே. அன்னிக்குப் பந்தல்ல சொன்னதுதான் பொய்னு நான் சொல்லிடறேன்."

"வேண்டாங் கண்ணு."

"திரும்பவும் மிதிக்கக் கேப்பார்னு பயமா?"

"அது ஒண்ணு," என்றார். உள்ளே சார் பேசுவது ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. கிரிஜா அம்மாள் அந்தப் பக்கம் பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்குதுங்க. எங்கம்மா ஜன்னியில போனாங்கன்னுதான் அவரு இப்ப நெனச்சுட்டு இருக்காரு. நான் ஒண்ணும் பண்ணலையாமா. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து என்னை அப்படி நெனச்சவங்க ஒருத்தருமில்ல. நானே நெனச்சதில்ல. இவரு ஒருத்தராச்சும் நெனச்சுட்டுப் போகட்டுமே."

அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். உள்ளேயிருந்து கல்யாணசுந்தரம் சார் கூப்பிட்டார்.

"கிரிஜா! முடிஞ்சுது. எந்திரிக்கோணும், வந்து கையைக் குடு."

"வர்றனுங்க," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.